ஏழு நாள் முகாமும் இருநூறு மணி நேர வகுப்பும்

நெய்வேலி ஆர்ச் கேட்டுக்கு உள்ளே சாலைகள் அகலமாகவும் நேராகவும் ஓடுகின்றன. வட்டம் 5, வட்டம் 16 என்று எண்ணால் அறியப்படும் குடியிருப்புகள், வேப்ப மர நிழல், நடந்து போகும் தூரத்தில் பள்ளிக்கூடங்கள். கேட்டுக்கு வெளியே சென்னை – கும்பகோணம் சாலை. அதையும் தாண்டினால் செம்மண், முந்திரித் தோப்பு, பலா மரம், ஓட்டு வீடுகள். இடையில் இருப்பது சில கிலோமீட்டர்தான். ஆனால் படிப்பு என்று வரும்போது அந்தச் சில கிலோமீட்டரைக் கடக்க இரண்டு தலைமுறை ஆயிற்று. நகரத்தில் படித்தவர்கள், அதிலும் கல்லூரி மாணவர்கள், கிராமத்துக்குப் போய்ப் பாடம் சொல்லிக் கொடுத்த கதையைச் சொல்ல இந்த எல்லைக்கோடு பொருத்தமான இடம்.

1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு வெட்டியபோது கறுப்பாக ஏதோ வந்தது என்பதிலிருந்து நெய்வேலியின் வரலாற்றைத் தொடங்குவது வழக்கம். 1956 நவம்பரில் நிலக்கரி நிறுவனம் பதிவாயிற்று. 1957 மே 20 அன்று நேரு வந்து சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். நிலம் கொடுத்த ஊர்கள் இடம்பெயர்ந்தன. நாட்டின் பல பகுதிகளிலிருந்து பொறியாளர்களும் தொழிலாளர்களும் குடும்பத்தோடு வந்து சேர்ந்தார்கள். அவர்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிகள் எழும்பின. அதே ஆண்டுகளில் காமராசர் அரசு கிராமம் கிராமமாக ஓராசிரியர் பள்ளிகளைத் திறந்துகொண்டிருந்தது. அந்த ஒற்றை ஆசிரியர் ஐந்து வகுப்பையும் ஒரே கூரைக்குக் கீழே வைத்துச் சமாளித்தார். பள்ளி வயதைத் தாண்டிவிட்டவர்களுக்கு அங்கே இடமில்லை. முந்திரிப் பருவத்தில் கொட்டை பொறுக்கப் போய்விடும் பிள்ளையைத் தேடிப் போகவும் அவருக்கு நேரமில்லை.

அந்த இடைவெளியை நிரப்ப யாராவது சம்பளமில்லாமல் வரவேண்டும் என்ற எண்ணம் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. நெய்வேலியிலிருந்து பத்து கிலோமீட்டரில் வடலூர். 1867 மே மாதம் அங்கே சத்திய தருமச்சாலையைத் தொடங்கி அடுப்பு மூட்டிய வள்ளலார், சிறுவர்களோடு பெரியவர்களும் உட்கார்ந்து தமிழும் வடமொழியும் ஆங்கிலமும் படிக்க ‘சன்மார்க்க போதினி’ என்ற பாடசாலையை ஏற்படுத்தியதாகவும், எளியவர்களுக்குத் திருக்குறள் வகுப்பு நடத்தச் செய்ததாகவும் அவர் வரலாற்றை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். சோறும் எழுத்தும் ஒரே வளாகத்தில். தருமச்சாலையின் அடுப்பு இன்றும் எரிகிறது. பாடசாலை அவ்வளவு காலம் நீடிக்கவில்லை. சோறு போடும் தருமத்தைத் தொடர்ந்து நடத்தப் பழகிய நாம் எழுத்துச் சொல்லும் தருமத்தை அப்படிப் பழகிக்கொள்ளவில்லை என்பது வருத்தமான உண்மை.

கல்லூரி மாணவரைக் கிராமத்துக்கு அனுப்பும் யோசனை சுதந்திர இந்தியாவில் பத்தாண்டுகளுக்கு மேல் கோப்புகளில் கிடந்தது. 1959இல் சி.டி. தேஷ்முக் தலைமையிலான குழு, மாணவர்கள் ஓராண்டு வரை கட்டாயமாக நாட்டுச் சேவை செய்ய வேண்டும் என்றது. செலவு தாங்காது என்று தயங்கினார்கள். கே.ஜி. சையிதைன் பல நாடுகளின் அனுபவத்தை ஆராய்ந்து, கட்டாயம் வேண்டாம், விருப்பத்தின் பேரில் இருக்கட்டும் என்று 1960இல் சொன்னார். கடைசியில் காந்தி நூற்றாண்டான 1969இல், செப்டம்பர் 24 அன்று, மத்தியக் கல்வி அமைச்சர் வி.கே.ஆர்.வி. ராவ் நாட்டு நலப்பணித் திட்டத்தைத் தொடங்கினார். 37 பல்கலைக்கழகங்கள், 40,000 மாணவர்கள். என்.எஸ்.எஸ். என்று இன்றும் கல்லூரி வளாகங்களில் புழங்கும் பெயர் அன்று பிறந்தது.

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் படித்தவர்களுக்கு அந்த முகாம்கள் நினைவிருக்கும். தத்தெடுத்த கிராமத்தின் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் ஏழு நாள் தங்கல். பெஞ்சுகளை ஓரம் கட்டிவிட்டுத் தரையில் படுக்கை. காலையில் கோயில் குளத்தைத் தூர்வாருவது, பகலில் மரக்கன்று நடுவது, கண் பரிசோதனை முகாமுக்கு ஆள் கூட்டுவது, மாலையில் பிள்ளைகளை உட்கார வைத்துக் கணக்கும் ஆங்கிலமும் சொல்லித் தருவது. ஏழாம் நாள் ஊர்த் தலைவர் தலைமையில் நிறைவு விழா, சால்வை, குழுப் படம். நகரத்துப் பிள்ளைகள் பலர் வாழ்க்கையில் முதன்முறையாகக் கிராமத்தில் ராத்தங்கியது அங்கேதான். அந்த அளவில் முகாம் மாணவர்களுக்கு நிறையவே கற்றுக் கொடுத்தது. ஆனால் ஊருக்கு? பெருக்கல் வாய்ப்பாட்டில் ஏழு வரை வந்த பிள்ளைக்கு எட்டைச் சொல்லித் தர எட்டாம் நாள் யாரும் இருப்பதில்லை. ஏழு நாளில் எழுத்து வராது. இதைச் சொல்ல ஆராய்ச்சி தேவையில்லை.

பெரியவர்களுக்கான முயற்சியும் தனியாக நடந்தது. 1978 அக்டோபர் 2 அன்று தேசிய முதியோர் கல்வித் திட்டம் தொடங்கியது. ஒரு மையத்துக்கு முப்பது பேர், ஓர் அரிக்கேன் விளக்கு, மாதம் ஐம்பது ரூபாய் மதிப்பூதியத்தில் ஓர் ஆசிரியர். மண்ணெண்ணெய் தீர்ந்தால் வகுப்பும் தீர்ந்தது. 1986 மே 1 அன்று மாணவர்களையே நேரடியாக இறக்கினார்கள். சுமார் இரண்டு லட்சம் நாட்டு நலப்பணித் தொண்டர்கள் கையில் ஆளுக்கொரு எழுத்தறிவுப் பொட்டலம், கோடை விடுமுறையில் ஒருவர் ஒருவருக்கோ சிலருக்கோ கற்பிக்க வேண்டும் என்ற ஏற்பாடு. நல்ல எண்ணம். தனித்தனியாகச் சிதறிப் போன மாணவர் யாருக்குச் சொல்லித் தந்தார், அவர் படித்து முடித்தாரா என்று பார்க்க ஆள் இல்லாததுதான் குறை.

அந்தக் குறையைத் தீர்த்துக் காட்டியது கோட்டயம். மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்தின் நாட்டு நலப்பணித் தொண்டர்களும் மாவட்ட நிர்வாகமும் கைகோத்து, நகரில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களை வீடு வீடாகக் கணக்கெடுத்தார்கள். பெயர் தெரியும், வீடு தெரியும். நூறு நாள் என்று கெடு வைத்தார்கள். கன்னட எழுத்தாளர் யு.ஆர். அனந்தமூர்த்தி அப்போது அந்தப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். 1989 ஜூன் 25 அன்று நாட்டின் முதல் முழு எழுத்தறிவு நகரமாகக் கோட்டயம் அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு சனவரியில் எர்ணாகுளம் மாவட்டம் முழுவதும் இறங்கியிருந்தது. அங்கே ஏறத்தாழ 20,000 தொண்டர்கள். 1990 பிப்ரவரி 4 அன்று பிரதமர் வி.பி. சிங் வந்து அதை முழு எழுத்தறிவு மாவட்டமாக அறிவித்தார்.

இதற்கு ஓர் உலக முன்னோடி உண்டு. 1961இல் கியூபா பள்ளிகளை மூடிவிட்டு ஒரு லட்சம் மாணவர்களை மலைகளுக்கும் கரும்புத் தோட்டங்களுக்கும் அனுப்பியது. பதின்வயதுப் பிள்ளைகள். தூக்கிச் சென்றது ஒரு தூளிக் கட்டில், ஒரு விளக்கு, இரண்டு புத்தகம். பகலில் குடியானவர் வீட்டு வேலையில் பங்கு, இரவில் அந்த விளக்கடியில் பாடம். ஏழு லட்சம் பேர் எழுதப் படிக்கக் கற்றார்கள் என்பது அவர்கள் கணக்கு. அந்தப் பிள்ளைகள் ஏழு நாளில் திரும்பவில்லை. மாதக்கணக்கில் அங்கேயே தங்கினார்கள். அந்த இயக்கம் வென்றதற்குப் பெரிய காரணம் அந்தத் தங்கல்தான்.

தமிழகத்தின் பக்கம் காற்று வீசியது கடலூருக்கு அடுத்த புதுச்சேரியில். அங்கே அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் பிறந்தது. பிறகு 1991இல் புதுக்கோட்டை, அடுத்தடுத்து மற்ற மாவட்டங்கள். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் தோழர்கள், கல்லூரிப் பேராசிரியர்கள், பள்ளி ஆசிரியர்கள், அஞ்சல் ஊழியர்கள், வங்கி ஊழியர்கள் என்று ஒரு பெரும் கூட்டம் இரவில் கிராமங்களுக்குப் போயிற்று. எழுத்தாளர் ச. தமிழ்ச்செல்வன் தம் அறிவொளி அனுபவங்களை ‘இருளும் ஒளியும்’ என்று ஒரு நூலாகவே எழுதினார்.

அறிவொளி வகுப்பு எப்படி இருந்தது? முதலில் கலைப்பயணம் வரும். பறையும் பாட்டும் நாடகமுமாக ஊர் நடுவே ஒரு மணி நேரம். கைநாட்டு வைத்து நிலத்தை இழந்தவர் கதையோ, பஸ் போர்டு படிக்கத் தெரியாமல் ஊர் மாறிப் போனவள் கதையோ நடக்கும்போது கூட்டத்தில் யாராவது தலையைக் குனிந்துகொள்வார்கள். மறுநாள் கணக்கெடுப்பு. பத்துப் பேருக்கு ஒரு தொண்டர். வீட்டுத் திண்ணை, தெருவிளக்கின் அடி, மாட்டுக் கொட்டகையின் ஓரம் என்று எங்கே ஐந்தாறு பெண்கள் கூடினார்களோ அதுவே வகுப்பறை. அ, ஆ என்று தொடங்காமல் அன்றாடம் புழங்கும் சொல்லில் தொடங்கி அதை எழுத்தாகப் பிரித்துக் காட்டும் பாடநூல். மூன்று புத்தகம், சுமார் இருநூறு மணி நேரம். அதுதான் மத்திய அரசின் தேசிய எழுத்தறிவு இயக்கம் வகுத்த அளவு.

சொல்லும்போது எளிது. களை எடுத்து, கதிர் அறுத்து, அடுப்பு வேலை முடித்து, பிள்ளையைத் தூங்க வைத்து, இரவு எட்டு மணிக்குப் பலகை முன்னால் உட்காரும் பெண்ணின் விரல்களை நினைத்துப் பார்க்க வேண்டும். பண்ருட்டி, நெய்வேலிப் பக்கம் முந்திரி உடைத்துப் பிழைக்கும் பெண்களின் கைகளைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். கொட்டையின் ஓட்டிலிருந்து வடியும் எண்ணெய் தோலைப் பொசுக்கிவிடும். விரல் நுனி கறுத்துத் தோல் உரியும். அப்படிப்பட்ட விரல்களால் பலப்பத்தைப் பிடித்து ‘ண’வின் சுழியைப் போடுவது உடல் வேலை. நாலு நாள் வராமல் போனால் ஐந்தாம் நாள் வீட்டுக்கே போய்க் கூப்பிட யாராவது வேண்டும்.

அப்படிக் கூப்பிட்டவர் யார் என்பதில்தான் இந்த வரலாற்றின் மையம் இருக்கிறது. கல்லூரி மாணவர்கள் பாட்டுப் பாடினார்கள், கணக்கெடுத்தார்கள், பயிற்சி தந்தார்கள். ஆனால் மாதக்கணக்கில் விளக்கை ஏற்றி வைத்துக் காத்திருந்த தொண்டர்களில் பெரும்பகுதி அந்த ஊரிலேயே எட்டாவதோ பத்தாவதோ படித்துவிட்டு வீட்டில் இருந்த பெண்கள். மேலே படிக்க வைக்க வசதியில்லை, தூரத்துப் பள்ளிக்கு அனுப்பப் பயம் என்று நிறுத்தப்பட்டவர்கள். இயக்கம் அவர்களை முதன்முறையாக ‘டீச்சர்’ என்று கூப்பிட வைத்தது. கற்றவர்களுக்குக் கிடைத்ததற்குக் குறையாமல் கற்பித்தவர்களுக்கும் கிடைத்தது.

புதுக்கோட்டையில் அது சைக்கிளில் ஏறியது. ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், வகுப்புக்குப் போய்வரத் தொண்டர்களுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரிய வேண்டும் என்பதை எழுத்தறிவின் பகுதியாகவே ஆக்கினார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். 1992 மகளிர் நாளில் 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் கொடி கட்டிய சைக்கிள்களில் மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டையை வலம் வந்ததைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதி உலகறியச் செய்தார். வெங்கடேஷ் ஆத்ரேயாவும் சுங்கத்தும் சேர்ந்து அந்த அனுபவத்தை 1996இல் ஆய்வு நூலாகவும் ஆக்கினார்கள்.

பிறகு வந்த ஆண்டுகள் அவ்வளவு ஒளியானவை அல்ல. வளர்கல்வி மையங்கள் வந்தன, அவற்றை நடத்தப் ‘பிரேரக்’ எனப்பட்ட பொறுப்பாளர்கள் வந்தார்கள், நிதி வருவதும் நிற்பதுமாக இருந்தது. புதிதாகக் கற்றவர்களில் பலர் எழுத்தை மறந்தார்கள். இயக்கமாக இருந்தது அலுவலகமாக மாறியபோது இரவில் கதவைத் தட்டுபவர் இல்லாமல் போனார். 1991 கணக்கெடுப்பில் 62.66 விழுக்காடாக இருந்த தமிழகத்தின் எழுத்தறிவு 2001இல் 73.45 ஆனது. அதில் பெரும்பங்கு பள்ளிக்குப் போன புதிய தலைமுறையுடையது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

முப்பது ஆண்டு கழித்து அந்தக் கதவு மறுபடியும் தட்டப்பட்டது. கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. ஒன்றரை ஆண்டுக்கும் மேலாகப் புத்தகத்தைத் தொடாத பிள்ளைகள். திறப்பதற்குச் சில நாள் முன்பு, அக்டோபர் 27 அன்று, விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் ‘இல்லம் தேடிக் கல்வி’யைத் தொடங்கி வைத்தார். முதற்கட்டமாக எடுத்துக்கொண்ட பன்னிரண்டு மாவட்டங்களில் கடலூரும் ஒன்று. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர் தொடக்க வகுப்புகளுக்கு, பட்டம் பெற்றவர் ஆறு முதல் எட்டு வரைக்கு. மாதம் ஆயிரம் ரூபாய். மாலை ஐந்திலிருந்து ஏழுக்குள் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம். ஏறத்தாழ இரண்டு லட்சம் தன்னார்வலர்கள் வந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தவர்கள், படித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தவர்கள், கல்யாணமாகி அந்தத் தெருவுக்கு வந்தவர்கள். அறிவொளி காலத்து வீட்டுப் பெண்ணின் அடுத்த தலைமுறை, இம்முறை கையில் பட்டத்தோடு.

அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய பொருளியலாளர்கள் தமிழகக் கிராமங்களில் சுமார் 19,000 குழந்தைகளைத் தொடர்ந்து சோதித்துப் பார்த்தார்கள். ஊரடங்கில் இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் மீண்டது. அந்த மீட்சியில் ஏறக்குறைய கால் பங்குக்கு இந்த மாலை வகுப்புகள் காரணம் என்று மதிப்பிட்டார்கள். பக்கத்து வீட்டு அக்கா திண்ணையில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்ததற்கு இப்படி ஓர் அளவை கிடைத்தது எழுத்தறிவு வரலாற்றில் அபூர்வம்.

இத்தனையையும் வைத்துப் பார்த்தால் ஒரு கணக்கு கண்ணில் படுகிறது. நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேரும் மாணவர் இரண்டு ஆண்டில் 240 மணி நேரம் தர வேண்டும் என்பது விதி. எழுத்தறியாத ஒருவர் எழுதப் படிக்கக் கற்க 200 மணி நேரம் என்பது எழுத்தறிவு இயக்கத்தின் அளவு. நேரம் ஏற்கெனவே இருக்கிறது. அது மரக்கன்றுக்கும் பேரணிக்கும் பதாகைக்குமாகத் துண்டு துண்டாகப் போகிறது.

நெய்வேலி ஜவகர் அறிவியல் கல்லூரி, விருத்தாசலம் கொளஞ்சியப்பர் அரசு கலைக் கல்லூரி, கடலூர் பெரியார் கலைக் கல்லூரி, சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் என்று இந்த வட்டாரத்தில் மாணவர்களுக்குப் பஞ்சமில்லை. அவர்களில் பலர் இதே கிராமங்களிலிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள்; மாலையில் அங்கேயே திரும்புகிறவர்கள். வேறெங்கோ முகாம் போட வேண்டியதில்லை. திட்ட அலுவலர்கள் இந்தக் கல்வியாண்டிலேயே தொடங்கலாம்: ஒவ்வொரு மாணவருக்கும் அவரவர் தெருவிலேயே நாலைந்து பிள்ளைகளின் பெயரையோ, கைநாட்டு வைக்கும் ஒருவரின் பெயரையோ எழுதிக் கொடுங்கள். 240 மணி நேரத்தையும் அவர்களுக்கே கொடுக்கச் சொல்லுங்கள்.