புதினாவை நசுக்காதீர்!

மே மாசம் முதல் சனிக்கிழமை அமெரிக்காவுல ஒரு கூத்து நடக்கும் மக்களே. கெண்டக்கி மாநிலம், லூயிவில் நகரம், சர்ச்சில் டவுன்ஸ் மைதானம். ஒண்ணேகால் மைல் குதிரைப் பந்தயம். ஓட்டம் என்னவோ ரெண்டே நிமிஷம்தான். அதுக்கு நாள் பூரா அலங்காரம், அம்மாமார் தலையில பந்தல் சைஸ் தொப்பி, எல்லார் கையிலயும் மிண்ட் ஜூலெப்! போர்பன் விஸ்கி, சர்க்கரை, புதினா, பொடி ஐஸ். அவ்ளோதான் மேட்டர்.

மைதானம் போக முடியாதவங்க வீட்டுலயே டிவி முன்னாடி பார்ட்டி வைப்பாங்க. அப்படி ஒரு பார்ட்டிக்கு ஆபீஸ் நண்பர் கூப்பிட்டார். அசல் கெண்டக்கிக்காரர். "ஜூலெப் நீ பண்ணு"ன்னு சொல்லிட்டார். புதினாதானே, நமக்குத் தெரியாததான்னு களத்துல இறங்கினேன். புதினான்னா நம்ம கைக்குத் தெரிஞ்சது தொகையல் ஒண்ணுதான். வீட்டுலேர்ந்து இஞ்சி இடிக்கிற குட்டி உரலைத் தூக்கிட்டுப் போய், நங்கு நங்குன்னு இடிச்சு, பச்சைச் சாறு எடுத்து ஊத்தினேன். நண்பர் ஒரு வாய் குடிச்சார். ஒண்ணும் சொல்லல. மெதுவா நடந்து போய் பூந்தொட்டியில கவுத்துட்டு வந்தார். நானும் குடிச்சுப் பார்த்தேன். வேப்பங்கொழுந்து தோத்துது.

மானம் போன வேகத்துல வீட்டுக்கு வந்து, எங்கே தப்புன்னு தேட ஆரம்பிச்சேன். 1917ல வந்த ஒரு குட்டிப் புத்தகம் இணையத்துலயே முழுசா கிடைச்சுது. பேரு 'தி ஐடியல் பார்டெண்டர்'. அதுல கெண்டக்கி பாணி ஜூலெப்னு ஒரு குறிப்பு: பெரிய வெள்ளிக் கோப்பை, ஒரு கட்டி சர்க்கரை, கரைக்கத் துளி தண்ணி, கோப்பை நிறைய பொடி ஐஸ், பழைய போர்பன், மேலே ஒரு கொத்து புதினா. கடைசியா ஒரு எச்சரிக்கை, புதினாவை நசுக்கிடாதேன்னு. நூறு வருஷம் முன்னாடியே மனுஷன் எனக்குன்னே எழுதி வச்சிருக்கார்!

எழுதினவர் டாம் புல்லக். 1872ல லூயிவில்ல பிறந்த கறுப்பினத்தவர். அங்கே பெண்டென்னிஸ் கிளப்லயும், அப்புறம் செயின்ட் லூயிஸ் கன்ட்ரி கிளப்லயும் பார் பார்த்தவர். அமெரிக்கக் கறுப்பர் ஒருத்தர் எழுதி வந்த முதல் காக்டெய்ல் புத்தகம்னு இதைச் சொல்றாங்க. முன்னுரை எழுதினது ஜார்ஜ் ஹெர்பர்ட் வாக்கர், பின்னாடி ஜனாதிபதியான அப்பா புஷ்ஷோட தாத்தா!

இவரைப் பத்தி சூப்பரான கதை ஒண்ணு இருக்கு. முன்னாள் ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ட் அடிக்கடி குடிச்சுட்டு ஆடறார்னு மிச்சிகன் பத்திரிகை ஆசிரியர் ஒருத்தர் எழுதிட்டார். 1913ல மானநஷ்ட வழக்கு. கூண்டுல ஏறின ரூஸ்வெல்ட், செயின்ட் லூயிஸ் கிளப்ல ஜூலெப் கொடுத்தாங்க, கொஞ்சம்தான் குடிச்சேன்னு சாட்சி சொன்னார். வழக்குல ஜெயிச்சார், நஷ்டஈடு 6 சென்ட்! ஆனா செயின்ட் லூயிஸ் போஸ்ட்-டிஸ்பாட்ச் பத்திரிகை தலையங்கமே எழுதிச்சு: டாம் கலக்கின ஜூலெப்பைப் பாதியில கீழே வச்ச மனுஷன் உலகத்துல உண்டா, இதை நாங்க நம்பணுமா, அப்படிங்கிற தொனியில. ஜனாதிபதி பேச்சை நம்பாத ஊர் டாம் கைப்பக்குவத்தை நம்பியிருக்கு. ஆனா 1920ல மதுவிலக்கு வந்து அந்தத் தொழிலையே சட்டவிரோதமாக்கிடுச்சு.

நண்பர் வீட்டுச் சுவத்துல ஒரு பழைய விளம்பரப் படம் மாட்டியிருக்கும். வெள்ளைக் கோட்டு, வெள்ளைத் தாடி, வராந்தாவுல சாய்வு நாற்காலி, கையில ஜூலெப்போட ஒரு துரை. பின்னாடி தட்டு ஏந்திக்கிட்டு ஒரு கறுப்பர். ஜூலெப்னாலே எனக்கு அந்தத் துரைதான் ஞாபகம் வருவார். இப்போ தட்டுக்காரர் மூஞ்சியைத்தான் பார்க்கிறேன். படம் போட்ட ஆள் அதை சரியா வரையக்கூட இல்ல.

ஜூலெப்ங்கிற பேரு பாரசீக 'குலாப்'லேர்ந்து, அதாவது பன்னீர்லேர்ந்து, அரபி, லத்தீன், பிரெஞ்சுன்னு ஊர் சுத்தி வந்தது. நம்ம குலாப் ஜாமூனுக்கு ஒண்ணுவிட்ட தம்பி! கசப்பு மருந்து விழுங்கக் கொடுக்கிற சர்க்கரைப் பாகுக்கு அந்தப் பேரு இருந்தது. வர்ஜீனியாக்காரங்க புதினா ஊறப்போட்ட சாராயத்தைக் காலையிலயே குடிக்கிறாங்கன்னு ஜான் டேவிஸ்ங்கிற ஆங்கிலேயர் 1803லயே பதிவு பண்ணிட்டார். (நமக்குக் காலையில காபி, அவங்களுக்கு இது.) அப்புறம் ஐஸ் வந்தது. வடக்கத்தி ஏரிகள்ல குளிர்காலத்துல அறுத்து, மரத்தூள்ல பொதிஞ்சு கப்பல்ல அனுப்பின ஐஸ். அதே வியாபாரம்தான் மெட்ராசுக்கும் வந்தது. பாஸ்டன் பிரடெரிக் டியூடரோட ஐஸை வைக்க 1842ல கட்டினதுதான் மெரினா ஐஸ் ஹவுஸ், இன்னிக்கு விவேகானந்தர் இல்லம்.

அந்த வர்ஜீனியாவுலதான் ஜான் டாப்னி. ரிச்மண்ட் ஓட்டல்கள்ல ஜூலெப்புக்குன்னே பேர் போனவர், பிறப்பால அடிமை. எஜமானி இவரை ஓட்டலுக்கு வாடகைக்கு விடுவாங்க. மனைவியை விக்கப் போறாங்கன்னு தெரிஞ்சதும் பணம் புரட்டி அவங்களை மீட்டார். தன்னையும் தவணை முறையில எஜமானிகிட்டேயிருந்து வாங்கிக்கிட்டிருந்தார். 1865ல போர் முடிஞ்சு எல்லாருக்கும் விடுதலை. அதுக்கப்புறமும் பாக்கித் தவணையைக் கொண்டு போய்க் கட்டியிருக்கார்! ஆஹா என்ன நேர்மைன்னு ஊரே மெச்சினதாம். எனக்கு வந்தது எரிச்சல்தான். அந்தக் காசை வாங்கி வச்சுக்கிட்டவங்களைப் பத்தி ஏன் யாரும் ஒண்ணும் சொல்லல?

பந்தயத்துக்கே வருவோம். 1875ல நடந்த முதல் டெர்பியில 15 ஜாக்கி. அதுல 13 பேர் கறுப்பர். ஜெயிச்ச குதிரை அரிஸ்டைடிஸ், ஓட்டினவர் ஆலிவர் லூயிஸ், அவரும் கறுப்பர். முதல் 28 டெர்பியில 15ஐ ஜெயிச்சது அவங்கதான். அப்புறம்? வெள்ளை ஜாக்கிகள் சேர்ந்துக்கிட்டு வேலியோட வச்சு நெருக்கினாங்க, முதலாளிகள் கறுப்பருக்குக் குதிரை கொடுக்கிறதை நிறுத்தினாங்க. 1901, 1902ன்னு ரெண்டு வருஷம் தொடர்ந்து ஜெயிச்ச ஜிம்மி விங்க்ஃபீல்ட் ரஷ்யாவுக்குப் போய் அங்கே கொடி நாட்டினார். 1961ல லூயிவில் ஓட்டல் ஒண்ணுல நடந்த விருந்துக்கு விருந்தாளியா வந்தப்போ, முன்வாசல்லயே நிறுத்திட்டாங்க. டெர்பி வீரரை, டெர்பி ஊர்லயே! 1921க்கு அப்புறம் 2000 வரைக்கும் டெர்பியில ஒரு கறுப்பு ஜாக்கிகூட ஓட்டல. ஜூலெப் டெர்பியோட அதிகாரபூர்வ பானமா ஆனது 1930கள் கடைசியில, அதாவது இவங்களை ஓரங்கட்டின பிறகு.

இந்த வருஷமும் நண்பர் கூப்பிட்டார், "உரலை மட்டும் கொண்டு வராதே"ங்கிற நிபந்தனையோட. டாம் சொன்ன மாதிரியே செஞ்சேன். 60 மில்லி போர்பன், சர்க்கரையைக் கரைச்சு, ஐஸைத் துணியில கட்டி அடிச்சுப் பொடியாக்கி, கோப்பை வெளியில பனி பூக்கிற வரைக்கும் கலக்கி, புதினாக் கொத்தை மூக்குக்கு நேரா வர்ற மாதிரி சொருகினேன். வாசனை பூரா மேலயே நின்னுது, கசப்பு இல்லவே இல்ல. நண்பர் முழுசா குடிச்சுட்டு, "யார் சொல்லிக் கொடுத்தா?"ன்னார். "உங்க ஊர்க்காரர்தான்"னேன். டாம் புல்லக்னு சொன்னா அவருக்குத் தெரியல. லேப்டாப்பைத் திறந்து புத்தகத்தைக் காட்டினேன். டிவியில குதிரைங்க ஓட ஆரம்பிச்சும் அவர் படிச்சுக்கிட்டே இருந்தார்.

டிஸ்கி: குடி குடியைக் கெடுக்கும். வேண்டாம்னா போர்பனுக்குப் பதிலா இஞ்சி சோடா ஊத்திக்குங்க. புதினாவை அப்பவும் நசுக்கப்படாது, ஆமா.