வீணாய்ப் போகும் மூச்சு

சில வருஷங்களுக்கு முன் பொங்கலுக்குக் கம்மாபுரம் போயிருந்தேன். அண்ணி வீட்டு வாசலில் ஒரு பழைய மாருதி 800 பானெட்டைத் திறந்த கோலத்தில் நின்றது. அதன் வயிற்றுக்குள் தலையை நுழைத்திருந்தான் அண்ணன் மகன். என் குரல் கேட்டு வெளியே வந்தவன் கையில் நத்தைக்கூடு போன்ற ஓர் இரும்புச் சாமான் இருந்தது.

"டர்போ, சித்தப்பா! புதுப்பேட்டையில வாங்கினேன். டீசல் வண்டியில இருந்தது. இதை இதுல மாட்டப் போறேன்" என்றான்.

"மாட்டினால்?"

"சைலன்சர் வழியா வீணாப் போற மூச்சைப் பிடிச்சு இஞ்சினுக்கே திருப்பி விடலாம். செலவில்லாம பலம்!"

அவன் கண்களில் இருந்த ஒளியைப் பார்த்து எனக்கும் உற்சாகமாகத்தான் இருந்தது. ஆனால் உள்ளே போனதும் அண்ணி காப்பித் தம்ளரை வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்: "சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த பணத்துல கடைசியா மிஞ்சினது அதுதான் தம்பி. அந்த வண்டியில போட்டுட்டான். அவன் செய்யறது சரிதானா? நீங்க படிச்சவங்க, சொல்லுங்க."

இன்டர்மீடியட்டோடு படிப்பை முடித்துக்கொண்டு கதை எழுதப் புறப்பட்டவன் நான். மோட்டாரைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஆனால் அண்ணி கேட்ட கேள்விக்கு மழுப்பலான பதில் சொல்ல மனம் வரவில்லை. ஊர் திரும்பியதும் புத்தகங்களைத் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க, பையன் சொன்னதில் பாதி உண்மை என்பது புரிந்தது. மற்றப் பாதியில்தான் சரித்திரமே இருக்கிறது.

இஞ்சினில் எரியும் எண்ணெயின் உஷ்ணத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புகையோடு போய்விடுகிறது. அந்தப் புகையைக் கொண்டு ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றலாம். அதே அச்சின் மறுமுனையில் இன்னொரு சக்கரத்தை மாட்டினால், அது வெளிக்காற்றை இழுத்து நெருக்கி இஞ்சினுக்குள் தள்ளும். காற்று அதிகமானால் எண்ணெயும் அதிகமாக எரியலாம், பலம் கூடும். இவ்வளவுதான் டர்போ. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எரித்து, நீராவியால் பெரிய டர்பைனைச் சுழற்றி மின்சாரம் எடுக்கிறார்களே, அதன் குட்டித் தம்பி என்று வைத்துக்கொள்ளலாம். 1962ஆம் ஆண்டு ரஷ்ய உதவியுடன் ஓடத் தொடங்கி 2020இல் ஓய்ந்துபோன முதல் அனல் மின் நிலையத்தில்தான் என் அண்ணன் பிட்டராக இருந்தான். டர்பைன் என்ற சொல் பையனின் காதில் தாலாட்டோடு சேர்ந்து விழுந்திருக்க வேண்டும்.

இந்த யோசனைக்கு உரியவர் ஆல்பிரட் பூக்கி என்ற சுவிட்சர்லாந்து இஞ்சினீயர். 1905ஆம் ஆண்டிலேயே காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால் அவ்வளவு சூட்டையும் வேகத்தையும் தாங்கும் உலோகம் அப்போது கிடைக்கவில்லை. இருபது வருஷம் கழித்துத்தான் ஜெர்மானியக் கப்பல்கள் இரண்டில் அது வெற்றியாக அமைந்தது. 1750 குதிரைச் சக்தி இஞ்சின் 2500 குதிரைச் சக்தி கொடுத்தது.

இதற்கிடையே அமெரிக்காவில் ஸான்போர்டு மாஸ் என்பவருக்கு வேறொரு கவலை. உயரே போகப் போகக் காற்று மெலிகிறது. விமான இஞ்சின் மூச்சுத் திணறுகிறது. 1918ஆம் ஆண்டு அவர் 14,000 அடிக்கு மேல் உயரமுள்ள பைக்ஸ் பீக் என்ற மலையுச்சிக்கு ஓர் இஞ்சினையே கொண்டுபோய் வைத்துச் சோதித்தார். தரையில் 350 குதிரைச் சக்தி தந்தது உச்சியில் 230ஆகச் சுருங்கியது. டர்போவைப் பூட்டியதும் 356! மலை மேல் நின்றுகொண்டு தரையைவிட அதிகமாகக் கொடுத்தது.

கப்பலுக்கு ஆயிற்று, விமானத்துக்கும் ஆயிற்று. சின்னக் காருக்கு?

1962ஆம் ஆண்டு ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி இரண்டு கார்களில் டர்போவை வைத்து விற்றது. அந்த ஊர்க் கணக்கில் இரண்டும் சின்னக் கார்கள். ஒன்று ஷெவர்லே கார்வேர் மான்ஸா ஸ்பைடர். அதைச் செய்தவர்கள் அடக்கமானவர்கள். டர்போ காற்றை நெருக்கித் தரும் என்பதால், சிலிண்டருக்குள் நெருக்கும் அளவை எட்டு மடங்கோடு நிறுத்திக்கொண்டார்கள். மற்றொன்று ஓல்ட்ஸ்மொபில் ஜெட்பயர். அங்கே ஆசை பெரிது. பத்து மடங்குக்கு மேல் நெருக்கத்தை வைத்துக்கொண்டே டர்போவையும் மாட்டினார்கள். அப்படிச் செய்தால் பெட்ரோல் நேரத்துக்கு முன்பே தானாகப் பற்றிக்கொண்டு பிஸ்டனைச் சம்மட்டியால் அடிப்பது போல் அடிக்கும். 'இஞ்சின் தட்டுது' என்று நம் மெக்கானிக்குகள் சொல்வது அதைத்தான். அதைத் தணிக்க, தண்ணீரும் ஒருவகைச் சாராயமும் கலந்த திரவத்தை ஒரு சீசாவில் வைத்து, இஞ்சினுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகப் பீச்சினார்கள். யோசனை பிரமாதம். ஆனால் வாங்கியவர்கள் சீசாவை நிரப்ப மறந்தார்கள்! இரண்டே வருஷ மாடல்களோடு அந்தக் கார் நின்றது. பிறகு கம்பெனியே டர்போவைக் கழற்றிச் சாதாரண கார்ப்பரேட்டர் மாட்டிக் கொடுக்க முன்வந்தது.

பலம் கொடுத்தவர்கள், அதை யார் தாங்குவது என்று முழுவதும் யோசிக்கவில்லை. 1970களின் கடைசியில் ஸ்வீடன் நாட்டு ஸாப் கம்பெனி அதை யோசித்தது. அளவுக்கு மேல் போகும் புகையை ஒதுக்கிவிட ஒரு வால்வு வைத்து, பலத்துக்கு எல்லை கட்டியது. அதன் பிறகே டர்போ குடும்பஸ்தர் ஓட்டும் காருக்குள் நிலையாகக் குடியேறியது.

நம் பக்கத்துக்கு வருவோம். கோயம்புத்தூர் கலங்கலில் 1893ஆம் ஆண்டு பிறந்த ஜி. டி. நாயுடு, ஒரு வெள்ளைக்காரர் வைத்திருந்த மோட்டார் சைக்கிளைக் கண்டு மயங்கி, பணம் சேர்த்து அதை வாங்கி, பிரித்துப் போட்டுப் பூட்டியே யந்திரம் கற்றவர். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் விட்டார். 1952இல் இரண்டாயிரம் ரூபாய்க்கு விற்கக்கூடிய சின்னக் கார் ஒன்றைத் தயார் செய்தார், லைசென்ஸ்தான் கிடைக்கவில்லை. அதே சமயத்தில் சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், யுத்த காலத்து விமான ஓடுதளத்தில் கார்ப் பந்தயங்கள் நடக்கத் தொடங்கின. வெளிநாட்டுச் சாமான் வருவது கஷ்டமான காலம். பியட்டையும் ஹெரால்டையும் பிரித்து, அராவி, கடைந்து, கையாலேயே வேகமாக்கினார்கள். அந்தப் பரம்பரையில் வந்தவர் கோயம்புத்தூர் எஸ். கரிவரதன். மாருதி 800 இஞ்சினை வைத்தே ஒற்றையாள் பந்தயக் கார்கள் செய்தார். 'பார்முலா மாருதி' என்று அதற்குப் பெயர். 1995இல் விமான விபத்தில் காலமானார். அந்தக் கார்களில் பழகிய கோயம்புத்தூர்ப் பிள்ளை நரேன் கார்த்திகேயன் 2005இல் பார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார்.

2018ஆம் ஆண்டு, பந்தயக்காரராக இருந்த ஜெ. ஆனந்தின் கோயம்புத்தூர் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ், டாடா மோட்டார்ஸுடன் சேர்ந்து, டியாகோ என்ற சின்னக் காரில் டர்போ இஞ்சினை வைத்தது. 85 குதிரைச் சக்தி 114 ஆயிற்று. ஆனால் கவனியுங்கள்: டர்போவை மட்டும் மாட்டிவிட்டுக் கை கழுவவில்லை. டர்போவுக்கென்றே செய்த இஞ்சினை எடுத்துக்கொண்டார்கள். ஸஸ்பென்ஷன், கியர், சக்கரம் எல்லாவற்றையும் அந்தப் பலத்துக்கு ஏற்ப மாற்றினார்கள். அப்படியும் 2020இல் அந்தக் கார் நின்றுபோயிற்று. கெட்டிக்காரத்தனம் வேறு, வியாபாரம் வேறு.

இவ்வளவையும் மனத்தில் வைத்துக்கொண்டு சித்திரையில் மறுபடி கம்மாபுரம் போனேன். அண்ணிக்குச் சொல்லப் பதில் தயாராக இருந்தது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்றி ரோட்டில் ஓட்ட விடாது என்பதையும் சொல்ல நினைத்திருந்தேன்.

சொல்ல வேண்டிய அவசியம் நேரவில்லை. கார் அதே இடத்தில் நின்றது, பானெட் மூடியிருந்தது. பையன் ஒரு பிஸ்டனை என் கையில் வைத்தான். நடுவில் அரைக்கால் அங்குலத்துக்கு உருகிய துவாரம்.

"மூணே நாள் ஓடிச்சு சித்தப்பா. என்னா வேகம்! அப்புறம் தட்ட ஆரம்பிச்சுது. நான் நிறுத்தலை."

"டர்போ மேலா தப்பு?"

"அது நல்லாத்தான் இருக்கு. கொள்ளாத பாத்திரத்துல ஊத்திட்டேன்."

ஜெட்பயரின் கதையை அவனுக்குச் சொன்னேன். சீசாவை நிரப்ப மறந்த இடத்தில் வாய்விட்டுச் சிரித்தான். பிறகு நெடுநேரம் பேசாமல் இருந்தான். "அப்பா இருந்திருந்தா முதல்ல கேஜைப் பாருன்னு சொல்லியிருக்கும்" என்றான்.

அண்ணி அன்று ஒன்றும் கேட்கவில்லை. எனக்கும் பையனுக்கும் சேர்த்துச் சோறு போட்டாள். அவளுடைய பணம் போனது போனதுதான். அதை அழகாக்கிச் சொல்ல எனக்கு மனமில்லை. வீணாய்ப் போகும் மூச்சைப் பிடித்துத் திருப்புவது பெரிய காரியந்தான். ஆனால் 'செலவில்லாத பலம்' என்று ஒன்று கிடையாது. அதன் விலையை யாரோ தாங்குகிறார்கள். அந்த வீட்டில் முதலில் தாங்கியவள் அண்ணி.

பையன் இப்போது கோயம்புத்தூரில் ஒரு லேத் பட்டறையில் இருக்கிறான். மாதம் பிறந்தால் அம்மாவுக்குப் பணம் வந்துவிடுகிறது. வண்டி வாசலில்தான் நிற்கிறது. விற்கட்டுமா என்று அண்ணியைக் கேட்டேன்.

"வேணாம் தம்பி. வந்து சரி பண்றேன்னிருக்கான்" என்றாள்.