பறவைக்குக் கொடுத்த வாக்கு

செய்யாற்றங்கரை மாகறலிலிருந்து சென்னை சென்ற நாம், அடையாற்றுக் கழிமுகத்தையொட்டிய தொல்காப்பியப் பூங்காவின் நடைபாதைகளில் பறவைகளைக் கண்டு மகிழ்ந்தோம். நீர்க்காகமும் கொக்கும் உலவும் அந்த 58 ஏக்கர் நிலம் நெடுங்காலம் குப்பை கொட்டுமிடமாய்ச் சீரழிந்து கிடந்தது. திருத்தியமைக்கப்பெற்று 2011இல் திறக்கப்பட்டது.

நம் பக்கத்து ஏரிகளில் தாமே வந்திறங்கும் பறவைகளுக்கு நகரில் ஏன் இத்தனை பாடு? விடையை வேடந்தாங்கல் வரலாற்றில் காண்கின்றோம். ஆங்கிலச் சிப்பாய்கள் அவ்வேரிப் பறவைகளைச் சுட்டபோது ஊரார் திரண்டு சென்று கலெக்டரிடம் முறையிட்டனர். 1798இல் கலெக்டர் லயனல் பிளேஸ் பறவைகளைக் காக்கும் உரிமையை அவர்களுக்குக் கௌலாக வழங்கினார். 1858இல் அவ்வுரிமை மீண்டும் உறுதிசெய்யப்பட்டது. எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரம் என்பதை அவ்வுழவர் அறிந்திருந்தனர்.

கௌல் என்பது அரபு மொழியின் 'கவ்ல்' என்னும் சொல்லே. வாக்கு என்பது அதன் பொருள். வேடந்தாங்கலில் வாக்கு முந்திற்று, ஏரி பிழைத்தது. அடையாற்றிலோ அழிவு முந்திற்று. பூங்கா பிந்தியே வந்தது.

ஹுத்ஹுத் பறவை கொணர்ந்த செய்திக்குச் செவிசாய்த்த சுலைமான் நபி (அலை) அவர்களின் வரலாற்றை ஓதுகின்றோம். நம் ஊர் ஏரிப் பறவைகளுக்கு நாம் அளித்துள்ள வாக்கு யாது?