செய்வினை சந்தேகம் கொலையில் முடிவது ஏன்? வாசல் எலுமிச்சம்பழம் முதல் சட்டம் வரை... முழு விவரம்

காலையில் கோலம் போட கதவைத் திறக்கிறார் ஒரு பெண். வாசற்படி ஓரம் குங்குமம் தடவிய எலுமிச்சம்பழம் ஒன்று கிடக்கிறது. முத்தியால்பேட்டையோ, முதலியார்பேட்டையோ, லாஸ்பேட்டையோ... புதுச்சேரியின் எந்தத் தெருவிலும் நடக்கக்கூடிய விஷயம்தான் இது. சிலர் துடைப்பத்தால் தள்ளிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். சிலர் வீட்டில் அன்று முழுக்க ஒரே கேள்வி ஓடும்: "யார் போட்டிருப்பாங்க?"

பெரும்பாலும் இந்தக் கேள்வி சாயங்காலத்துக்குள் அடங்கிவிடும். அடங்காமல் ஒரு பெயரைப் பிடித்துவிட்டால்தான் ஆபத்து. இந்தியாவில் ஆண்டுதோறும் பல உயிர்கள் இப்படிப் பறிபோகின்றன. செய்வினை, பில்லி, சூனியம், ஏவல் என்ற பேச்சு எந்த இடத்தில் வன்முறையாக மாறுகிறது? அதை எங்கே தடுக்க முடியும்? விரிவாகப் பார்க்கலாம்.

திருஷ்டிக்கும் செய்வினைக்கும் என்ன வித்தியாசம்?

அமாவாசை அன்று கடை வாசலில் பூசணிக்காய் உடைப்பதையும், வீட்டு நிலையில் எலுமிச்சம்பழம், மிளகாய் கட்டித் தொங்கவிடுவதையும் எல்லோரும் பார்த்திருப்போம். இது திருஷ்டி கழிப்பது. 'யாரோ கண்ணு வெச்சுட்டாங்க' என்பதோடு விஷயம் முடிந்துவிடும். அந்த 'யாரோ' யார் என்று யாரும் தேடிப் போவதில்லை. பூசணிக்காய் உடைந்ததும் பயமும் உடைந்துவிடுகிறது.

செய்வினை அப்படி இல்லை. அந்தச் சொல்லிலேயே 'செய்தவர்' ஒருவர் இருக்கிறார். அவர் தெரிந்தே, திட்டமிட்டு, காசு கொடுத்துச் செய்ததாக நம்பப்படுகிறது. அதனால் செய்வினை என்று முடிவு கட்டியதுமே அடுத்த கேள்வி தானாக வந்துவிடுகிறது. செய்தது யார்?

'ஏன் எனக்கு மட்டும்?' என்ற கேள்வி

இதைப் புரிந்துகொள்ள ஆப்பிரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு உதவுகிறது. மானுடவியலாளர் இவான்ஸ் பிரிட்சார்ட் 1937ஆம் ஆண்டு அசாண்டே மக்களைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். அதில் வரும் உதாரணம் இன்றும் பேசப்படுகிறது. ஒரு தானியக் களஞ்சியம் சரிந்து, அதன் நிழலில் உட்கார்ந்திருந்தவர்கள் மீது விழுகிறது. தூண்களைக் கரையான் அரித்துவிட்டது என்பது அந்த மக்களுக்கும் நன்றாகத் தெரியும். அவர்கள் கேட்பது வேறு கேள்வி. 'இவர்கள் உட்கார்ந்திருந்த நேரத்தில் ஏன் விழ வேண்டும்?'

இதை அப்படியே நம்மூர் கிழக்குக் கடற்கரைச் சாலைக்குக் கொண்டு வரலாம். மழையில் பைக் சறுக்கியது. ரோடு வழுக்கல்தான் காரணம் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் மனசு, 'தினமும் ஆயிரம் வண்டி போகுது, என் பையனுக்கு மட்டும் ஏன்?' என்று கேட்கிறது. விபத்து எப்படி நடந்தது என்பதற்குப் பதில் கிடைத்துவிடும். 'ஏன் எனக்கு, ஏன் இப்போது' என்பதற்கு டாக்டரிடமோ மெக்கானிக்கிடமோ பதில் கிடைக்காது. அந்த இடைவெளியில்தான் செய்வினை என்ற விளக்கம் வந்து உட்காருகிறது.

மருத்துவமனையில் 'எல்லா டெஸ்ட்டும் நார்மல்' என்று சொன்ன பிறகும் குறையாத நோய், அடுத்தடுத்து வரும் மரணம், குழந்தையின்மை, திடீர் வலிப்பு, நடத்தையில் வரும் மாற்றம், வியாபார நஷ்டம்... சந்தேகம் அதிகமாகக் கிளம்புவது இந்த மாதிரி நேரங்களில்தான்.

பெயர் வருவது எப்படி?

அடுத்த கட்டம் குறி கேட்பது. சோழி உருட்டுவது, வெற்றிலையில் மை போட்டுப் பார்ப்பது, அருள்வாக்கு கேட்பது என்று ஊருக்கு ஊர் முறைகள் வேறுபடும். குறி சொல்பவர் பெரும்பாலும் நேரடியாகப் பெயர் சொல்ல வேண்டிய அவசியமே இருக்காது. 'உங்க வீட்டுக்குக் கிழக்கே இருக்கிறவங்க', 'உங்க கையால சாப்பிட்டவங்க', 'ரத்த சொந்தம்தான்' என்பது போல ஒரு குறிப்பு போதும். மீதியைக் கேட்க வந்த குடும்பமே நிரப்பிக்கொள்ளும்.

நிரப்பும்போது யார் பெயர் முதலில் வரும்? ஏற்கெனவே மனஸ்தாபம் இருப்பவர் பெயர்தான். பாகப்பிரிவினையில் முறைத்துக்கொண்ட பங்காளி, வரப்புத் தகராறு இருக்கும் பக்கத்து நிலத்துக்காரர், கடன் பாக்கி, பொதுச்சுவர் சண்டை, எதிர்க்கடை போட்டி. செய்வினை சந்தேகம் புதிய பகையை உருவாக்குவதைவிட, பழைய பகைக்குப் புதுப் பெயர் வைக்கிறது. நேற்று வரை 'நிலத்தகராறு' என்று இருந்தது, இன்று 'என் பிள்ளையைக் கொல்லப் பார்க்கிறான்' என்று ஆகிவிடுகிறது.

நம்பிக்கை இருந்தாலே வன்முறை வந்துவிடுமா?

இல்லை. இதற்கு நம் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. புதுச்சேரியிலிருந்து சுமார் 70 கி.மீ. தொலைவில் உள்ள செஞ்சிப் பகுதியில் மானுடவியலாளர் இசபெல் நபகோவ் கள ஆய்வு செய்தார். 2000ஆம் ஆண்டு வெளியான அவரது ஆய்வுகள், செய்வினை எடுக்கும் 'கழிப்பு' சடங்கை விவரிக்கின்றன. அது கிட்டத்தட்ட ஒரு சாவுச் சடங்கு போலவே நடக்கிறது. கவனிக்க வேண்டிய விஷயம், அந்தச் சடங்கு பாதிக்கப்பட்டவரை மையமாக வைத்து நடக்கிறது என்பது. 'செய்தவர்' வீட்டுக்குப் போய் அடிப்பது அதில் இல்லை.

இன்னொரு வழியும் நம்மிடம் உண்டு. பொள்ளாச்சி அருகே ஆனைமலை மாசாணியம்மன் கோயிலில், அநியாயம் நடந்ததாக நினைப்பவர்கள் நீதிக்கல்லில் மிளகாய் அரைத்துப் பூசுகிறார்கள். சிவகங்கை மாவட்டம் கொல்லங்குடி வெட்டுடையார் காளியம்மன் கோயிலில் காசு வெட்டிப் போடுகிறார்கள். 'நீயே பார்த்துக்கோ தாயி' என்று வழக்கை அம்மனிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குத் திரும்புகிறார்கள்.

இலங்கையில் சிலாபம் அருகே உள்ள முன்னேஸ்வரம் காளி கோயிலும் இப்படி முறையிடும் இடம்தான். முன்னேஸ்வரம், சீனிகம போன்ற தலங்களுக்கு வந்தவர்களை ஆய்வு செய்த மானுடவியலாளர் கணநாத் ஒபேசேகர, 1975இல் வெளியிட்ட கட்டுரையில் ஒரு முக்கியமான கருத்தை வைத்தார். கத்தியை எடுக்க வைக்கக்கூடிய கோபத்துக்கு இந்தத் தலங்கள் ஒரு வடிகாலாக இருக்கின்றன என்பதே அது.

அதற்காக இந்தச் சடங்குகளால் நோய் தீரும் என்று அர்த்தம் இல்லை. ஆனால் ஒன்று தெளிவாகிறது. லட்சக்கணக்கானோர் நம்பிக்கையோடு இருந்தும் யாரையும் தொடாமல் வாழ்கிறார்கள். நம்பிக்கை, ஒரு மனிதரின் பெயரோடு ஒட்டிக்கொண்டு ஊர் நடுவே வரும்போதுதான் உயிர் போகிறது.

வன்முறையாக மாறும் அந்த நொடி

பெயர் வெளியே வந்ததும் மூன்று மாற்றங்கள் நடக்கின்றன.

முதலாவது, தனி வீட்டுப் பிரச்னை தெருப் பிரச்னையாகிறது. 'எங்க வீட்டு மாடு செத்ததும் அதனாலதான்' என்று ஆளாளுக்குத் தங்கள் கஷ்டத்தையும் அதே பெயரில் ஏற்றுகிறார்கள். இப்போது வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ் போதும், வேகம் இன்னும் கூடிவிடும்.

இரண்டாவது, குற்றம் சாட்டப்பட்டவரால் எதையும் நிரூபிக்க முடியாது. திருட்டுப் பழி என்றால் 'நான் அந்த நேரத்தில் வேலையில் இருந்தேன்' என்று சாட்சி காட்டலாம். செய்வினை தூரத்திலிருந்தே வேலை செய்யும் என்று நம்பும்போது எந்த சாட்சியும் எடுபடாது. பேசாமல் இருந்தால் 'ஒத்துக்கிட்டான்', கோபப்பட்டால் 'மிரட்டுறான்'.

மூன்றாவதுதான் மிக ஆபத்தானது. அடிக்கப் போகிறவர் தன்னைக் குற்றவாளியாக நினைப்பதில்லை. தன் குடும்பத்தைக் காப்பாற்றுவதாகவே நினைக்கிறார். அதனால் தயக்கம் போய்விடுகிறது. சுற்றி நிற்பவர்களும் தடுக்காமல் வேடிக்கை பார்க்கிறார்கள்.

எண்கள் என்ன சொல்கின்றன?

தேசிய குற்ற ஆவணக் காப்பகம், கொலைக்கான காரணங்களில் 'சூனியம்' என்பதைத் தனியாகவே பதிவு செய்கிறது. இந்தக் காரணத்தால் 2020இல் 88 பேரும், 2021இல் 68 பேரும், 2022இல் 85 பேரும் கொல்லப்பட்டதாக அதன் அறிக்கைகள் கூறுகின்றன. இது கொலைக் கணக்கு மட்டுமே. அடி வாங்கியவர்கள், ஊரை விட்டு விரட்டப்பட்டவர்கள், ஒதுக்கி வைக்கப்பட்டவர்கள் இந்த எண்ணில் வரமாட்டார்கள்.

2015 ஆகஸ்ட்டில் ஜார்க்கண்ட் தலைநகர் ராஞ்சி அருகே உள்ள ஒரு கிராமத்தில் ஒரே இரவில் 5 பெண்கள் சூனியக்காரிகள் என்று சொல்லிக் கொல்லப்பட்டனர். 2025 ஜூலையில் பீகார் மாநிலம் பூர்ணியா மாவட்டத்தின் டெட்காமா கிராமத்தில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த 5 பேர் இதே பழியால் கொல்லப்பட்டனர்.

மாட்டிக்கொள்வது யார் என்பதிலும் ஒரு ஒழுங்கு இருக்கிறது. வட, கிழக்கு மாநிலங்களில் பெரும்பாலும் பெண்கள். அதிலும் விதவைகள், வயதானவர்கள், தனியாக நிலம் வைத்திருப்பவர்கள். திருப்பி அடிக்க ஆள் இல்லாதவர்கள் மீதே பழி எளிதாக நிற்கிறது. தான்சானியாவில் பொருளாதார ஆய்வாளர் எட்வர்ட் மிகேல் 2005இல் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டியது. அளவுக்கு மீறிய மழை அல்லது கடும் வறட்சி வந்த ஆண்டுகளில் அங்கு சூனியப் பழியால் நடக்கும் கொலைகள் இரண்டு மடங்காகின. இறந்தவர்களில் பெரும்பாலானோர் வயதான பெண்கள். பஞ்சம் வரும்போது, பாரமாக நினைக்கப்படுபவர் மீதே பழி விழுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

பீகார் 1999இலும், ஜார்க்கண்ட் 2001இலும், சத்தீஸ்கர் 2005இலும் தனிச் சட்டம் கொண்டு வந்தன. ஒடிசா, ராஜஸ்தான், அசாம் மாநிலங்களும் பின்னர் சட்டம் இயற்றின. மகாராஷ்டிராவில் மூடநம்பிக்கை எதிர்ப்புப் போராளி நரேந்திர தபோல்கர் 2013 ஆகஸ்ட் 20 அன்று புனேவில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் பல ஆண்டுகள் கேட்டுவந்த சட்டம், அதற்குப் பிறகு சில நாட்களிலேயே அவசரச் சட்டமாக வந்தது. கர்நாடகா 2017இல் நிறைவேற்றிய சட்டம் 2020 ஜனவரியில் அமலுக்கு வந்தது. குஜராத் 2024இல் சட்டம் இயற்றியது.

ஒருவரை 'சூனியக்காரி' என்று அடையாளம் காட்டுவதே குற்றம் என்பதுதான் இவற்றில் பல சட்டங்களின் அடிப்படை. அதாவது, அடி விழும் முன்பே, பெயர் சொல்லும் கட்டத்திலேயே தடுப்பது. ஆனால் பீகார் சட்டத்தில் அதற்கான தண்டனை 3 மாதம் வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம் என்ற அளவில்தான் இருக்கிறது. அசாம் இதை ஜாமீனில் வெளிவர முடியாத குற்றமாக்கியது.

புதுச்சேரியிலும் தமிழ்நாட்டிலும் இதற்கெனத் தனிச் சட்டம் இல்லை. அதனால் பாரதிய நியாய சன்ஹிதாவின் பொதுப் பிரிவுகள்தான் கை கொடுக்கும். கொலைக்கு 103, மிரட்டலுக்கு 351, அவதூறுக்கு 356, 'செய்வினை எடுக்கிறேன்' என்று பணம் பறித்தால் மோசடிக்கு 318. பட்டியல் சாதி, பழங்குடியினரைச் சூனியம் வைப்பவர் என்று சொல்லி உடலாலோ மனதாலோ துன்புறுத்தினால், 2016 முதல் அமலில் உள்ள திருத்தப்பட்ட வன்கொடுமை தடுப்புச் சட்டப்படி 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை. 'அவர் செய்வினை வைத்தார் என்று நம்பினேன்' என்பது அடிப்பதற்கான உரிமையை யாருக்கும் தராது.

பிரான்ஸ் சொல்லும் பாடம்

ஐரோப்பாவில் 15 முதல் 18ஆம் நூற்றாண்டு வரை சூனியக் குற்றச்சாட்டில் சுமார் 40,000 முதல் 60,000 பேர் வரை கொல்லப்பட்டதாக வரலாற்று ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் கால் பதித்த சில ஆண்டுகளிலேயே, 1682இல், பிரான்ஸ் மன்னர் 14ஆம் லூயி ஓர் ஆணை பிறப்பித்தார். அது மாந்திரீகத்தை உண்மையான சக்தியாகப் பார்க்காமல், ஏமாற்று வேலையாகப் பார்த்தது. மக்களின் நம்பிக்கை ஒரே நாளில் மறைந்துவிடவில்லை. ஆனால் சூனியம் வைத்தார் என்ற பெயரில் அரசு ஆட்களைக் கொல்வது அங்கு ஓய்ந்தது. நம்பிக்கை மாறும் வரை காத்திருக்காமலே உயிர்களைக் காப்பாற்ற முடியும் என்பதற்கு இது ஒரு சாட்சி.

உங்கள் தெருவில் இப்படி ஒரு பேச்சு வந்தால்?

பெயரைத் திருப்பிச் சொல்லாதீர்கள். வாய்ஸ் மெசேஜை ஃபார்வர்டு செய்யாதீர்கள். 'யாருன்னு தெரியுமா?' என்று கேட்பதைவிட, 'ஆஸ்பத்திரியில என்ன சொன்னாங்க?' என்று கேளுங்கள்.

நோய்தான் பிரச்னை என்றால் கோரிமேடு ஜிப்மர் போன்ற அரசு மருத்துவமனைகளில் இன்னொரு டாக்டரின் கருத்தையும் கேட்கலாம். தூக்கமின்மை, காதில் குரல் கேட்பது, காரணமில்லாத பயம் என்றால் டெலி மானஸ் எண் 14416இல் தமிழிலேயே பேசலாம். கட்டணம் இல்லை.

உங்கள் மீதே பழி வந்தால், தனியாகப் போய் விளக்கம் சொல்லாதீர்கள். யார், எப்போது, என்ன சொன்னார்கள் என்று எழுதி வையுங்கள். மெசேஜ்களை அழிக்காதீர்கள். மிரட்டல் வந்த அன்றே காவல் நிலையத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். அவசரத்துக்கு 112, பெண்களுக்கு 181, இலவச சட்ட உதவிக்கு 15100.

அசாமில் பீருபாலா ராபா, ஜார்க்கண்டில் சுட்னி மஹதோ ஆகிய இருவரும் இந்தக் கொடுமைக்கு எதிராகப் பல ஆண்டுகள் ஊர் ஊராகப் போராடினார்கள். 2021இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில் ஐ.நா. மனித உரிமைகள் கவுன்சிலும் சூனியப் பழியால் நடக்கும் கொடுமைகளுக்கு எதிராகத் தீர்மானம் நிறைவேற்றியது.

வாசலில் கிடக்கும் எலுமிச்சம்பழத்தால் யாரும் சாவதில்லை. அதை யார் போட்டது என்று விரல் நீட்டும்போதுதான் சாகிறார்கள். அந்த விரலை அந்தத் தெருவில் ஒருவர் கீழே இறக்கினாலும் ஓர் உயிர் தப்பிக்கும்.