வன்றட்டின் படலையும் உறுதியும்

காணிக்குப் படலையும் உறுதியும் எவ்வாறோ, கணினியின் வன்றட்டுக்குத் தொடக்க நிரலும் பிரிவு அட்டவணையும் அவ்வாறு. 1983இல் டொஸ் 2.0 வெளிவந்தபோது ஐ.பி.எம். கணினிகளில் இவ்வமைப்பு நிலைபெற்றது. வட்டின் முதல் 512 பைற்றுகளுள் 446 தொடக்க நிரலுக்கும், 64 நான்கு பிரிவுகளின் அட்டவணைக்கும், எஞ்சிய 2 அடையாள முத்திரைக்கும் உரியன.

1991இல் லினஸ் தோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸும் இக்குறுகிய வாயில் வழியே புக நேர்ந்தது. ஆதலின் லிலோ, கிரப் என்னும் ஏற்றிகள் படிமுறையாய் அமைந்தன. வாயிலிலுள்ள சிறுநிரல் பெருநிரலை அழைக்கும். அது லினக்ஸின் கருவை நினைவகத்தில் ஏற்றும். கரு, கோப்புகள் உறையும் பிரிவைத் திறக்கும்.

2011இல் தமிழ்நாட்டரசு மாணவர்க்கு வழங்கத் தொடங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸும், சென்னையில் சி-டாக் உருவாக்கிய பொஸ் லினக்ஸும் ஒரே வட்டில் அமைந்தன. இத்தகைய வட்டில் விண்டோஸை மீள நிறுவின், அது தொடக்க நிரலைத் தன்னதாக்கிவிடும். லினக்ஸ் அழிந்ததென எண்ணி வட்டு முழுவதையும் துடைக்கும் மாணவன் தன் ஆக்கங்களையும் இழப்பான். அமைப்பை அறிந்தவனோ ஏற்றியை மட்டும் மீள நிறுவி அவற்றைக் காப்பான்.

பின்வந்த ஜி.பி.ரி. முறை பொதுவாக 128 பிரிவுகளுக்கு இடமளித்து, அட்டவணையின் படியொன்றை வட்டின் இறுதியிலும் வைக்கின்றது. உறுதிக்குப் படியொன்று வேண்டுமென்பதைக் கணினியுலகும் கற்றுக்கொண்டது.