கோட்டுக்குள் வண்ணம்

போன சித்திரையில் என் வீட்டம்மாவுக்கு முழங்கால் மடங்காமல் போயிற்று. கல்யாணமாகி அருப்புக்கோட்டைக்கு வந்த நாளிலிருந்து தினமும் வாசல் தெளித்துப் புள்ளி வைத்தவள். மார்கழி வந்தால் விடிவதற்கு முன்னால் தெருவில் பாதியை அடைத்துக் கோலம் போட்டு, கலர்ப்பொடியும் தூவி முடித்திருப்பாள். இனிமேல் கீழே உட்காரவே கூடாது என்று டாக்டர் சொன்னதும் பெங்களூரில் இருக்கும் மகள், பெரியவர்களுக்கான வண்ணம் தீட்டும் புத்தகம் ஒன்றையும் ஒரு பெட்டி ஸ்கெட்ச் பேனாவையும் தபாலில் அனுப்பி வைத்தாள்.

மூன்று நாள் ஆசையாகத் தீட்டினாள். நாலாவது நாள் புத்தகம் பீரோவுக்கு மேலே போய்விட்டது. கேட்டதற்கு, "என் கை நடுங்குதுங்க. கோட்டுக்குள்ள நிக்க மாட்டேங்குது, எல்லாம் பரவிப் போகுது. நமக்கு இனிமே இதெல்லாம் ஆகாது" என்றாள். அவள் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். முப்பத்தைந்து வருஷம் தாலுகா ஆபீஸில் காகிதத்தோடு குடித்தனம் நடத்தியவன் நான். பக்கத்தைத் திருப்பியதுமே விஷயம் புரிந்துவிட்டது. ஜெராக்ஸ் பேப்பர் கனம்கூட இல்லாத தாளில் இரண்டு பக்கமும் அச்சடித்திருந்தார்கள். முன்பக்கத்துச் சிவப்பு பின்பக்கத்துப் படத்தில் ரத்தக்கறை மாதிரி இறங்கியிருந்தது. கோடுகளோ ரம்பப் பல். எங்கேயோ கிடந்த சின்னப் படத்தை இழுத்துப் பெரிசாக்கியிருக்கிறார்கள். தப்பு காகிதத்தின் மேல், பழியை ஏற்றுக்கொண்டது அவள் கை. இது எனக்குப் பொறுக்கவில்லை. நல்ல புத்தகம் எது, மட்டம் எது என்று கொஞ்சம் தேடிப் படித்தேன். அது பழைய சரித்திரத்தில் கொண்டுபோய் விட்டது.

நான் பிறந்தது திருச்சுழிப் பக்கம் என்றாலும் படித்தது காரைக்காலில், மாமா வீட்டில் தங்கி, பிரெஞ்சு மீடியத்தில். நன்றாகப் படித்தால் வாத்தியார் 'போன் புவேன்' என்று ஒரு துண்டு அட்டை தருவார். பத்து அட்டை சேர்த்துக் கொடுத்தால் ஒரு கலர்ப்படம். எனக்குக் கிடைத்த படத்தில் ஒரு சிப்பாய் நின்றான். அவன் கால்சட்டையின் சிவப்பு, கோட்டைத் தாண்டி ஒரு நெல் அகலம் வெளியே கிடந்தது. ஏதோ பையன் அவசரத்தில் தீட்டியது என்று நினைத்துக்கொண்டேன்.

பிரான்சில் எப்பினால் என்ற ஊர் இந்த மாதிரிப் படங்களுக்குப் பேர் போனது. ழான்-ஷார்ல் பெல்லரென் என்பவர் 1796-ல் அங்கே அச்சகம் தொடங்கினார். மரக்கட்டையில் செதுக்கிய கோட்டுப் படத்தைக் கறுப்பில் அச்சடிப்பார்கள். பிறகு அட்டையில் துளை வெட்டி, படத்தின் மேல் வைத்து, ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு அட்டையாக மாற்றி மாற்றி பிரஷ்ஷால் வண்ணம் இழுப்பார்கள். அட்டை கொஞ்சம் நகர்ந்தால் சிவப்பு கோட்டுக்கு வெளியே போய்விடும். என் சிப்பாயின் கால்சட்டையும் அந்த வகைதானோ என்னவோ! இன்றைக்கு மன நிம்மதிக்கு என்று விற்கிற வேலையை அன்றைக்குக் கூலிக்குச் செய்தார்கள்.

நம் பக்கத்துச் சிவகாசிக்கும் இதே கதைதான். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் படித்து வந்து 1923-ல் தீப்பெட்டி ஆரம்பித்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சு வேண்டும். அப்படி வளர்ந்ததுதான் காலண்டர் தொழில். லித்தோவில் ஒரு நிறத்துக்கு ஒரு கல் (பிற்பாடு தகடு). முதலில் வரைகிற கோட்டுப் படத்தை வைத்துத்தான் மற்ற நிறங்களைப் பொருத்த வேண்டும். பொருந்தாவிட்டால் "ரெஜிஸ்டர் அவுட்" என்பார்கள். முருகனுக்கு இரண்டு உதடு வந்துவிடும். கோவில்பட்டியில் இருந்துகொண்டு சாமிப் படங்கள் வரைந்த கொண்டையராஜு (1898–1976) சில காலம் திருவண்ணாமலையில் ரமணர் ஆசிரமத்தில் இருந்தவர். ரமணர் நம் திருச்சுழிக்காரர் என்பதால் எனக்கு இதில் ஒரு தனிப் பெருமை. கொண்டையராஜு படத்தில் கோடு எங்கே தடிக்க வேண்டும், எங்கே மெலிய வேண்டும் என்று கைக்குத் தெரிந்திருக்கும். அந்தக் கண்ணோடு பார்த்தால் இன்றைய பல புத்தகங்களில் கோடு கம்பி வளைத்த மாதிரி இருக்கிறது.

பெரியவர்களுக்கென்று வந்த புத்தகம் முதலில் கேலிக்காகத்தான் வந்தது. 1961-ல் சிகாகோவில் மூன்று பேர் சேர்ந்து, கோட்டு சூட்டுப் போட்ட ஆபீஸ் அதிகாரியின் பிழைப்பைக் கிண்டல் செய்து ஒன்று போட்டார்கள். (நம் தாலுகா ஆபீஸை வைத்துப் போட்டால் காக்கி நிறம் ஒன்றே போதும்.) 2005-ல் அமெரிக்காவில் கரி, காசர் என்ற இருவர் 84 மாணவர்களை வைத்துச் சோதித்தார்கள். வெறுந்தாளில் இஷ்டத்துக்குத் தீட்டியவர்களைவிட, மண்டல வடிவத்துக்கோ கட்டம்போட்ட வடிவத்துக்கோ வண்ணம் தீட்டியவர்களுக்குப் பதற்றம் அதிகமாகக் குறைந்தது. 2012-ல் பிரான்சில் அஷெத் நிறுவனம் நூறு படம் போட்ட புத்தகம் கொண்டுவந்தது. 2013-ல் ஸ்காட்லாந்துக்காரர் ஜொஹானா பாஸ்ஃபோர்டின் 'சீக்ரெட் கார்டன்' வந்து லட்சக்கணக்கில் விற்றது. அவர் பேனாவால் கையில் வரைகிறவர். விற்கிறது என்று தெரிந்ததும் நெட்டில் கிடைத்ததை எல்லாம் அள்ளிப் போட்டுப் புத்தகமாக்கும் கூட்டமும் கிளம்பிவிட்டது. எங்கள் வீட்டுக்கு வந்தது அந்த ஜாதி.

சிவகாசியில் பைண்டிங் வேலை பார்த்து ஓய்ந்த நண்பர் ஒருவர் இருக்கிறார். விருதுநகர் போய் பஸ் மாறி அவரிடம் புத்தகத்தைக் காட்டினேன். விரலால் தாளைத் தடவியே சொல்லிவிட்டார்: "எழுபது ஜி.எஸ்.எம். தாங்காது சார். ஸ்கெட்ச் பேனாவுக்கு நூத்தி இருபதாவது வேணும், அதுவும் ஒரு பக்கம்தான் அடிக்கணும்." ஆர்ட் பேப்பர் பளபளவென்று இருந்தாலும் கலர் பென்சில் வழுக்கும், கொஞ்சம் சொரசொரப்பு வேண்டும். முதுகில் பசை போட்டு ஒட்டியது விரித்து நிற்காது, நடுவில் இருக்கிற படத்தை மடிப்பு தின்றுவிடும். அதற்கு சென்டர் பின் மேல். கடையில் சோதிக்க ஒரு வழியும் சொன்னார். ஈர விரலைத் தாளின் மூலையில் வைத்து எடுக்க வேண்டும். ஈரம் உடனே படர்ந்து பின்பக்கம் தெரிந்தால் அந்தத் தாள் மையைத் தாங்காது.

வீட்டுக்கு வந்து இதையெல்லாம் சொன்னேன். அவள் பதில் பேசாமல் பீரோ மேலிருந்த புத்தகத்தை எடுத்துவரச் சொல்லி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகப் பார்த்தாள். கண்புரை ஆபரேஷன் ஆன கண்.

"இந்தக் கட்டம் எல்லாம் கடுகு மாதிரி இருக்கு, துவரம்பருப்பு அளவாவது வேண்டாமா? இங்க பாருங்க, எட்டு இதழ்ல ஏழுதான் சேருது. இந்தச் சிக்குக் கோலம் மூடவே இல்ல, கோடு அந்தரத்துல நிக்குது. இப்படி வாசல்ல போட்டா எங்க அம்மா துடைப்பத்தாலயே அழிச்சிருப்பா."

பைண்டிங்காரர் கண்ணுக்கும் என் கண்ணுக்கும் படாதது அது. இரவு சாப்பிடும்வரை அந்தப் புத்தகத்தைத் திட்டிக்கொண்டே இருந்தாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அடுத்த வாரம் கண் பரிசோதனைக்கு மதுரை போனபோது ஒரு ஸ்டேஷனரிக் கடையில் நுழைந்தோம். நான் விலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவள் விரலை நாக்கில் தொட்டு, ஒரு புத்தகத்தின் கடைசிப் பக்க மூலையில் அழுத்திவிட்டாள். கடைப் பையன், "பாட்டி, என்ன பண்றீங்க!" என்று ஓடி வந்தான். பிறகு வாங்காமல் வர முடியுமா? மூலையில் அவள் விரல் பட்ட இடம் லேசாக மேடு தட்டியிருக்கிறது. இதுவரை பதினோரு பக்கம் தீட்டியிருக்கிறாள். ஒன்றில்கூட மை பின்பக்கம் வரவில்லை.