மண் கழிப்பறையின் வரலாறு

மண் கழிப்பறை என்பது மனிதக் கழிவை நீர் ஊற்றி அகற்றாமல், உலர்ந்த மண்ணால் மூடி மட்கச் செய்யும் கழிப்பறை ஆகும். இன்று வீடுகளில் பயன்படும் மட்கு கழிப்பறைகளின் முன்னோடிகளில் இதுவும் ஒன்று. இங்கிலாந்தைச் சேர்ந்த ஹென்றி மோல் (1801–1880) என்ற பாதிரியார் இதை உருவாக்கினார்.

தோற்றம்

மோல் 1829 முதல் டார்செட் பகுதியின் ஃபோர்டிங்டனில் திருச்சபைப் பணியாற்றினார். 1849இலும் 1854இலும் அங்கு காலரா பரவியபோது நோயுற்றோருக்கு உதவினார். பின்னர் தம் வீட்டு மலக்குழியை மூடிவிட்டு, வாளியில் சேர்ந்த கழிவைத் தோட்டத்தில் புதைத்தார். சில வாரங்களில் அதன் தடயமே இல்லை. உலர்ந்த மண்ணைக் கலந்தால் நாற்றம் விரைவில் அடங்குவதையும், அதே மண்ணை உலர்த்தி மீண்டும் பயன்படுத்த முடிவதையும் கண்டார். 1860இல் இம்முறைக்குக் காப்புரிமை பெற்றார்.

செயல்பாடும் பராமரிப்பும்

இருக்கைக்குப் பின்னால் சலித்த மண் நிரப்பிய பெட்டி இருக்கும். கைப்பிடியை இழுத்தால் அளவான மண் கீழேயுள்ள வாளியில் விழும். மண்ணிலுள்ள நுண்ணுயிரிகள் காற்றின் துணையுடன் கழிவைச் சிதைக்கின்றன. ஈரம் மிகுந்தால் காற்றோட்டம் தடைப்பட்டு நாற்றம் எழும். எனவே மண்ணை உலர வைப்பதும், வாளியைத் தவறாமல் காலி செய்வதும் இன்றியமையாதவை. நாற்றம் நீங்கியதாலேயே கிருமிகள் அழிந்துவிட்டதாகக் கொள்ள முடியாது. குடற்புழு முட்டைகள் பல மாதங்கள் வரை உயிருடன் இருக்கக்கூடும் என்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டின.

பரவலும் பின்னடைவும்

பள்ளிகளிலும் படை முகாம்களிலும் இக்கழிப்பறை பரவியது. 1868இல் விம்பிள்டனில் நடந்த தன்னார்வப் படை முகாமில் 2,000 பேர் 148 மண் கழிப்பறைகளைப் பயன்படுத்தினர். ஆனால் பெருநகரங்களில் வீடுதோறும் உலர்ந்த மண்ணைக் கொண்டுசேர்ப்பதும், நிரம்பிய வாளிகளை அகற்றுவதும் பெரும் வேலையாயின. நீர்க் கழிப்பறையும் பாதாளச் சாக்கடையும் அந்த வேலையை வீட்டிலிருந்து விலக்கியதால் மண் கழிப்பறை பின்தங்கியது.

ஆங்கிலேயர் ஆட்சிக்கால இந்தியாவில் சிறைகளிலும் படைக் குடியிருப்புகளிலும் உலர்மண் முறை கையாளப்பட்டது. அங்கே வாளியைச் சுமக்கும் வேலை ஒடுக்கப்பட்ட சாதியினர் மீதே சுமத்தப்பட்டது.

பிற்கால மாற்றம்

மட்காத கழிவைத் தூக்கிச் செல்ல வேண்டியதே மோலின் முறையிலிருந்த பெருங்குறை. சுவீடனைச் சேர்ந்த ரிக்கார்டு லிண்ட்ஸ்ட்ராம் 1939இல் சரிவான தரையும் காற்றுப்போக்கியும் கொண்ட பெருந்தொட்டியை அமைத்தார். அதில் கழிவு பல மாதங்கள் தங்கி, இருந்த இடத்திலேயே மட்கியது. பின்னாளில் இது கிளிவஸ் மல்ட்ரம் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது.

கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் இந்தியாவின் 2013ஆம் ஆண்டுச் சட்டமும் இதே வேறுபாட்டை அடிப்படையாகக் கொண்டுள்ளது. முழுமையாக மட்குவதற்கு முன்பே கழிவை மனிதர் கையாள வேண்டியிருக்கும் கழிப்பறையை அது சுகாதாரமற்றது என வரையறுக்கிறது. ஆகவே, கழிவு மட்கி உரமாகும் வரை காத்திருப்பது வேளாண்மைக்கும் உடல்நலத்துக்கும் மட்டுமன்றி, அதைக் கையாளும் மனிதரின் மாண்புக்கும் தேவையானதாகும்.